வளர்ச்சி ஆலோசனை நிறுவனத்தை வழிநடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீர்வளம், பொதுச் சுகாதாரம், கல்வி என ஏதேனும் ஒரு துறையில் பல ஆண்டுகள் களப்பணி செய்து பெயர் பெற்றவரே பெரும்பாலும் பன்னாட்டு வளர்ச்சி ஆலோசனை நிறுவனத்தின், அதாவது வளரும் நாடுகளின் திட்டங்களுக்குக் கட்டணம் பெற்று ஆய்வும் அறிவுரையும் வழங்கும் நிறுவனத்தின், தலைமைக்கு வருகிறார். நல்ல அறிக்கை எழுதவும் அமைச்சக அதிகாரிகளிடம் பேசவும் அவருக்குத் தெரியும். ஆனால் இத்தகைய நிறுவனம் ஒன்று நலியும்போது அதன் காரணத்தைத் தேடிப் போனால், களத்தைவிட டெண்டருக்கு விண்ணப்பித்த நாளிலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலும்தான் அது அதிகமாக அகப்படுகிறது.

மிகுதியாகக் காணப்படும் தவறு, டெண்டரை வெல்வதற்காக, வரப்போவதில்லை என்று தெரிந்த வல்லுநர்களின் பெயர்களைத் தொழில்நுட்ப முன்மொழிவில் (பணியை எப்படி, யாரைக் கொண்டு செய்வோம் என்று கூறும் ஆவணத்தில்) சேர்ப்பதாகும். உலக வங்கி நிதியளிக்கும் பணிகளில் பெரிதும் வழக்கிலுள்ள தேர்வு முறையில், தொழில்நுட்ப முன்மொழிவே முதலில் மதிப்பிடப்படுகிறது. அதில் குறைந்தபட்ச மதிப்பெண்ணை எட்டியவர்களின் நிதி முன்மொழிவு (கேட்கும் கட்டணம்) மட்டுமே பின்னர் திறக்கப்படுகிறது. தொழில்நுட்ப மதிப்பெண்ணில் பெரும்பங்கு முதன்மை வல்லுநர்களின் தகுதிக்கே கிடைப்பதால், புகழ்பெற்ற ஒருவரின் தன்விவரக் குறிப்பை இணைத்துவிட்டு, ஒப்பந்தம் கைக்கு வந்ததும் வேறொருவரை அனுப்பிவிடலாம் என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. ஆனால் மரணம், உடல்நலக் குறைவு போன்று நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம் இருந்தால் மட்டுமே முதன்மை வல்லுநரை மாற்ற அந்த வங்கியின் மாதிரி ஒப்பந்தம் இடம் தருகிறது. மாற்றாக வருபவர் அதே தகுதியோ அதற்கு மேற்பட்ட தகுதியோ உடையவராக இருக்க வேண்டும், ஊதிய விகிதமும் உயரக் கூடாது. இல்லாத அனுபவத்தைத் தன்விவரக் குறிப்பில் எழுதுவதோ இன்னும் கடுமையான குற்றம்: அது மோசடியாகக் கருதப்பட்டு, வங்கியின் பணிகளைப் பெற முடியாத நிறுவனங்களின் தடைப்பட்டியலில் அது சேர்க்கப்படலாம். 2010-இல் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி உள்ளிட்ட ஐந்து வங்கிகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அவற்றுள் ஒன்று ஓராண்டுக்கு மேல் விதிக்கும் தடையை மற்றவையும் ஏற்றுச் செயல்படுத்த இயலும். ஓர் இளநிலை ஊழியர் அவசரத்தில் நீட்டி எழுதிய இரண்டு வரிகளால் நிறுவனம் தன் சந்தையின் பெரும்பகுதியை இழக்கக்கூடும் என்பதால், முன்மொழிவில் இடம்பெறும் ஒவ்வொருவரிடமும் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறாமல் தலைவர் கையெழுத்திடக் கூடாது.

ஒரே கொடையாளரை, அதாவது திட்டங்களுக்கு நிதி தரும் ஒரே அரசையோ வங்கியையோ, நம்பியிருப்பது அடுத்த தவறு. 1961-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் பன்னாட்டு வளர்ச்சி முகமை 2025 ஜனவரியில் முடக்கத்தைச் சந்தித்து, அவ்வாண்டு ஜூலையில் தன் பணிகளை வெளியுறவுத் துறையிடம் இழந்தது. அப்போது புதிய ஒப்பந்தங்கள் நின்றதோடு, ஏற்கெனவே முடித்துக் கொடுத்த பணிகளுக்கான நிலுவைத் தொகையைப் பெறவே நிறுவனங்கள் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. பிரிட்டனும் தன் உதவி ஒதுக்கீட்டைத் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டிலிருந்து 2021-இல் 0.5 ஆகக் குறைத்தது. 2027-க்குள் அதை 0.3 ஆக்கப்போவதாகவும் அறிவித்தது. ஒரே கொடையாளரிடம் பெற்ற ஐந்து ஒப்பந்தங்களைக் காட்டி, எங்கள் வருவாய் பரவலாக உள்ளது என்று கூறும் தலைவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார்.

இதனோடு ஒட்டியது பணப்புழக்கம். முழுப் பணிக்கும் ஒரே தொகையை முன்கூட்டியே முடிவுசெய்யும் மொத்தத் தொகை ஒப்பந்தங்களில் ஒவ்வோர் அறிக்கையும் ஏற்கப்பட்ட பிறகே பணம் வரும். வல்லுநர்களுக்கான ஊதியமும் விமானச் செலவும் அதற்கு முன்பே கொடுக்கப்பட்டிருக்கும். வரைவு அறிக்கையைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டிய அதிகாரி இடமாற்றத்தில் சென்றுவிட்டால், கணக்கில் இலாபம் காட்டும் பணியே நிறுவனத்தின் கையிருப்பைக் கரைக்கும். குறிப்பிட்ட நாட்களுக்குள் கருத்து வராவிட்டால் அறிக்கை ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்ற விதியைப் பேச்சுவார்த்தையின்போதே கேட்டுப் பெறாதவர்கள் பலர். கேட்பது மரியாதைக் குறைவு என்று அவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது எனக்கு விளங்கியதில்லை.

ஒரு பணியில் பெறும் ஆதாயம் மற்றொரு பணியில் நடுநிலையைக் கெடுக்காமல் தடுக்கும் நலன் முரண் விதிகளைத் தாமதமாகப் படிப்பதும் உண்டு. ஒரு திட்டத்தைத் தயாரிக்க ஆலோசனை வழங்கிய நிறுவனமும் அதன் குழும நிறுவனங்களும், அத்திட்டத்திலிருந்து எழும் கட்டுமானப் பணிக்கோ பொருள் வழங்கலுக்கோ பொதுவாகப் போட்டியிட முடியாது. சிறிய ஆய்வொன்றை மகிழ்ச்சியுடன் ஏற்கும் முன், அது எந்தக் கதவை அடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உள்நாட்டுப் பங்காளர்களைத் தகுதி நிபந்தனைக்காக மட்டும் சேர்த்துக்கொண்டு, பின்னர் தரவு திரட்டும் கூலியாட்களைப் போல் நடத்துவது நீண்டகாலச் சேதம் விளைவிக்கும் தவறு. உதவி பெறும் நாடே தன் வளர்ச்சிக்குத் தலைமையேற்க வேண்டும் என்று உதவி தரும் நாடுகளும் பெறும் நாடுகளும் ஏற்ற 2005-ஆம் ஆண்டின் பாரிஸ் பிரகடனம் வலியுறுத்தியது. இன்று அந்தப் பங்காளர்கள் நேரடியாகவே டெண்டர்களில் போட்டியிடுகிறார்கள்; முந்தைய பணியில் தங்கள் பெயர் அறிக்கையின் அட்டையில் இடம்பெற்றதா, நன்றியுரையில் ஒதுக்கப்பட்டதா என்பதை நினைவில் வைத்தே அடுத்த கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.