கறுப்புப் பட்டை பழுதல்ல: அகலத்திரைத் தொலைக்காட்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்றைப் புதிய தொலைக்காட்சியில் பார்க்கும்போது கதாநாயகனின் கன்னங்கள் உப்பியிருப்பதையும், முழுநிலவு முட்டை வடிவம் கொண்டிருப்பதையும் பலர் பொருட்படுத்துவதே இல்லை. ஆனால் அதே திரையின் ஓரங்களில் கொஞ்சம் கறுப்பு தெரிந்துவிட்டால், கொடுத்த பணத்துக்கு முழுத் திரையும் கிடைக்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டு ரிமோட்டைத் தேடுகிறார்கள். திரை வடிவம் தொடர்பான தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கணத்தில்தான் நிகழ்கின்றன.

திரைப்படங்கள் அனைத்தும் ஒரே வடிவத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. பேசாப்படக் காலத்தில் படச்சட்டத்தின் அகலமும் உயரமும் ஏறத்தாழ 4:3 என்ற விகிதத்தில் இருந்தன. பேசும் படம் வந்தபின் 1932இல் அது 1.37:1 என்று சற்றே மாறியது; தொலைக்காட்சி 4:3 வடிவத்தையே தனதாக்கிக்கொண்டது. தொலைக்காட்சி வீடு வீடாக நுழைந்து திரையரங்குக் கூட்டத்தைக் குறைத்தபோது, வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்டியாக வேண்டிய நெருக்கடியில் ஹாலிவுட் 1953இல் சினிமாஸ்கோப் என்ற மிக அகன்ற பட வடிவத்தைக் கொண்டுவந்தது. தமிழில் 1973இல் வெளியான ‘ராஜராஜ சோழன்’ முதல் சினிமாஸ்கோப் படம். ‘ஸ்கோப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இன்றைய அகன்ற படங்களின் விகிதம் 2.39:1.

அப்படியானால் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் 16:9 எங்கிருந்து வந்தது? 1980களில் அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ், அப்போது புழக்கத்தில் இருந்த விகிதங்களையெல்லாம் சம பரப்பளவுள்ள செவ்வகங்களாக வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். அவை அனைத்தையும் உள்ளடக்கும் வெளிச் செவ்வகமும், அவற்றுக்குப் பொதுவான உள் செவ்வகமும் ஒரே விகிதத்தில், ஏறத்தாழ 1.78:1 ஆக அமைந்தன. அதுவே 16:9. ஆக, இது எந்தத் திரைப்படத்தின் சொந்த வடிவமாகவும் பிறக்கவில்லை. எல்லாருக்கும் கொஞ்சம் இடம் விட்டுச் செய்துகொண்ட சமரசம். அதனால்தான் 4:3 படத்தைக் காட்டும்போது திரை அகலத்தில் கால் பங்கும், ஸ்கோப் படத்தைக் காட்டும்போது திரை உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கும் கறுப்பாக நிற்கின்றன.

இந்தக் கறுப்பை ஒழிக்க மக்கள் முதலில் கையாளும் வழி படத்தை இழுப்பது. 4:3 படத்தைத் திரை முழுவதும் இழுத்தால் மனிதர்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடுகிறார்கள். சில தொலைக்காட்சிகளில் ‘பனோரமா’ போன்ற பெயர்களில் வரும் அமைப்பு இன்னும் விசித்திரமானது: நடுப்பகுதியை ஓரளவு விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் அதிகமாக இழுப்பதால், திரையின் குறுக்கே நடந்து செல்பவர் பருத்து, மெலிந்து, மறுபடியும் பருத்து வெளியேறுகிறார். இதைவிட நேரான இழுப்பே மேல் என்பது என் கருத்து.

இரண்டாவது வழியான ‘ஜூம்’ முகத்தைக் கெடுப்பதில்லை; படத்தையே வெட்டிவிடுகிறது. மேலும் கீழும் பட்டை உள்ள படத்தில் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் வெட்டப்பட்டுள்ளன என்று நம்புவோர் ஏராளம். உண்மை நேர்மாறானது. பட்டையுடன் இருக்கும்போதுதான் ஸ்கோப் படம் முழுமையாகக் கிடைக்கிறது. பட்டை மறையும்வரை பெரிதாக்கினால் இடவலங்களில் மொத்தம் கால் பங்கு காட்சி பறிபோகிறது. 4:3 படத்தைப் பெரிதாக்கினால் தலையும், அடியில் வரும் வசன வரிகளும் போகும். தொழில்முறை நிறுவனங்களும் இந்தத் தவறுக்கு விலக்கல்ல. 2019இல் டிஸ்னி பிளஸ் இணையத் தளம் தொடங்கியபோது ‘சிம்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் பழைய பகுதிகள் 16:9க்கு வெட்டப்பட்டு வெளியாயின. மூன்று வகை பீர்களும் ஒரே குழாயிலிருந்து வருவதாகக் காட்டும் நகைச்சுவையில் அந்தக் குழாயே வெட்டுப்பட்டுப் போனது. ரசிகர்களின் கண்டனத்துக்குப் பின் அடுத்த ஆண்டில் பழைய வடிவமும் சேர்க்கப்பட்டது.

மிகவும் குழப்பம் தருவது, செட்டாப் பாக்ஸ், தொலைக்காட்சி ஆகிய இரண்டிலும் வடிவத்தை மாற்றுவது. ஒன்று பட்டை சேர்க்க, மற்றொன்று அதன்மேல் தன் பங்குக்கு வேறொரு திருத்தம் செய்ய, நான்கு பக்கமும் கறுப்பு சூழ்ந்து அஞ்சல் தலை அளவில் படம் நடுவே நிற்கும். செட்டாப் பாக்ஸில் திரை வகை 16:9 என்றும், படம் அதன் மூல வடிவத்திலேயே வர வேண்டும் என்றும் ஒருமுறை அமைத்துவிட்டு, தொலைக்காட்சியையும் 16:9இல் வைத்தபின் இரண்டையும் தொடாமல் இருப்பதே முறை. ஒரு விதிவிலக்கு உண்டு. அலைவரிசையே பழைய படத்தை இழுத்து ஒளிபரப்பினால், தொலைக்காட்சியை மட்டும் 4:3க்கு மாற்றிப் பாருங்கள்; முகங்கள் இயல்புக்குத் திரும்பும். செய்தி அலைவரிசையில் அடியில் ஓடும் எழுத்து பாதி மறைந்தால் அது வேறு சிக்கல். தொலைக்காட்சி தானாகவே படத்தின் ஓரங்களைச் சிறிது திரைக்கு வெளியே தள்ளிவிடுகிறது. ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்க்ரீன் ஃபிட்’ போன்ற பெயர்களில் உள்ள அமைப்பை இயக்கினால் அது சரியாகும்.

வாங்கும்போது நேரும் தவறு அங்குலத்தைப் பற்றியது. அங்குலம் என்பது மூலைவிட்டத்தின் அளவு. வடிவம் மாறினால் அதே அங்குலம் வேறு உயரத்தைத் தரும். பழைய 29 அங்குலப் பெட்டியின் உயரம் 17.4 அங்குலம், 32 அங்குல அகலத்திரையின் உயரமோ 15.7 அங்குலம்தான். பழைய 4:3 படத்தை இந்தப் புதிய திரையில் பார்ப்பது 26 அங்குலப் பெட்டியில் பார்ப்பதற்குச் சமம். “பெரிய டிவி வாங்கியும் ஆள் சின்னதாகத் தெரிகிறாரே” என்ற வீட்டுப் பெரியவர்களின் புலம்பலில் நியாயம் இருக்கிறது. அகலத்திரை என்றாலே எச்டி என்று எண்ணுவதும் பிழை. துல்லியம் வேறு, வடிவம் வேறு. சாதாரண டிவிடியிலும் 16:9 படம் வந்ததுண்டு.

பட்டைகளைக் குறித்து உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய இடம் ஒன்றுதான். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி வகைத் திரையில் நாள்தோறும் பல மணி நேரம் 4:3 நிகழ்ச்சியையே ஓடவிட்டால், நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, இருபுறமும் கறுப்பாக இருந்த பகுதி காலப்போக்கில் வேறுபட்டுத் தெரியலாம். எல்சிடி திரை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் பட்டைகளை அப்படியே விட்டுவிடலாம்.