இடையில் விலகியவர்களின் தரவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலி இடத்தைப் பூஜ்யமாக எண்ணுவது போன்ற தவறுகள் ஒரு வரைபடம் போட்டாலே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். நீண்டகால ஆய்வுகளில் புதிதாகக் கை வைப்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்பவை வேறு.

கடைசி மதிப்பை இழுத்து நிரப்புவது

எல்ஓசிஎஃப் என்பார்கள். மூன்றாம் மாதத்தோடு ஒருவர் நின்றுவிட்டால், அன்று எடுத்த மதிப்பெண்ணையே பதினெட்டாம் மாதம் வரை எழுதிவிடுவது. அண்மையில் ஒரு முனைவர் பட்ட மாணவி, மறதிநோய் மருந்து ஆய்வுத் தரவை இப்படி நிரப்பிக் கொண்டுவந்தார். "பாதுகாப்பான முறைதானே சார்? மருந்துக்குச் சாதகமாக நான் எதையும் சேர்க்கலையே" என்றார். இந்த வாதத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

மறதிநோய் நாளாக நாளாக முற்றும். அதற்குக் கொடுக்கும் டோனெபெசில் வகை மருந்துகளால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அதனால் மருந்துக் குழுவில் பலர் சீக்கிரமே விலகிவிடுவார்கள். நினைவாற்றல் தேர்வில் 30-க்கு 24 எடுத்த நிலையில் விலகியவர் கடைசிவரை 24-லேயே நிற்பார். போலி மாத்திரையோடு முழு ஆய்வையும் முடித்தவரோ 20-க்கு இறங்கியிருப்பார். சராசரி போட்டால் மருந்து ஜெயித்ததுபோல் தெரியும். உண்மையில் ஜெயித்தது வாந்தி. போதாக்குறைக்கு, ஊகித்த எண்களும் அளந்த எண்களாகவே கணக்கில் ஏறுவதால் பிழை வரம்பும் குறுகிவிடும். தகுந்த அறிவியல் நியாயம் இல்லாமல் இதை முதன்மை முறையாக்காதீர்கள் என்று அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு 2010-லேயே சொல்லிவிட்டது. பழைய கட்டுரைகளைப் பார்த்து இன்னும் காப்பியடிக்கிறார்கள்.

அந்த மாணவியை மிக்ஸ்டு மாடல் போடச் சொன்னேன்; ஒரே ஆளிடம் பலமுறை எடுத்த அளவீடுகளைச் சேர்த்துப் பார்க்கும் புள்ளியியல் மாதிரி அது. கிடைத்த அளவீடுகளை வைத்தே அது கணக்கிடும், எதையும் நிரப்ப வேண்டாம். ஆனால் யார் விலகுவார் என்பதை ஏற்கெனவே பதிவான தரவே விளக்கிவிடும் என்ற அனுமானம் அதற்கும் உண்டு.

முடித்தவர்களை மட்டும் எடுப்பது

வேண்டாம். பெரும்பாலும் தேறியவர்கள்தான் மிஞ்சியிருப்பார்கள்.

லிட்டில் சோதனையைச் சான்றிதழாக நினைப்பது

காலி இடங்கள் முற்றிலும் தற்செயலாக விழுந்தவையா என்று பார்க்கும் சோதனை இது. அதில் பி மதிப்பு 0.05-க்கு மேல் வந்ததும் "விலகல் தற்செயலானது" என்று எழுதிவிடுகிறார்கள். ஆள் குறைவான ஆய்வில் அது பெரும்பாலும் மேலேதான் வரும். அப்புறம், நாம் அளக்காமல் விட்ட மதிப்பே விலகலுக்குக் காரணமா என்பதைக் கையிலுள்ள தரவை மட்டும் வைத்து எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது.

மருந்தை நிறுத்தியவரை ஆய்விலிருந்தே அனுப்பிவிடுவது

மாத்திரை வேண்டாம் என்றவரும் அளவீட்டுக்கு வர மறுக்காமல் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். மறுத்தால் படிவத்தில் "சொந்தக் காரணம்" என்று முடிக்காமல், வாந்தியா, பேருந்துச் செலவா என்று எழுதுங்கள்.

இறந்தவருக்கு நினைவாற்றல் மதிப்பெண் நிரப்புவது

சொல்லவும் வேண்டுமா?

ஒரே அனுமானத்தோடு நிறுத்துவது

பல்முறை நிரப்பல் (ஒவ்வொரு காலி இடத்தையும் வெவ்வேறு ஊக மதிப்புகளால் பலமுறை நிரப்பி, முடிவுகளைச் சேர்ப்பது) செய்தபின், மருந்துக் குழுவில் விலகியவர்களுக்கு நிரப்பிய மதிப்பெண்ணை 1, 2, 3 என்று குறைத்துக்கொண்டே போங்கள். முடிவு எங்கே கவிழ்கிறது? 3-இல் கவிழ்ந்தால், அவ்வளவு சரிவு அந்த நோயாளிகளிடம் நடக்கக்கூடியதா என்று மருத்துவரைக் கேட்டு, அவர் சொன்னதைக் கட்டுரையிலேயே எழுதிவிடுங்கள்.