‘நல்லாருக்குதுங்க டாக்டர்’ என்பது அளவீடு ஆகாது: அழகு சிகிச்சை ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மங்கு (முகத்தில் படியும் கருந்திட்டு), பருத் தழும்பு, போடாக்ஸ் (சுருக்கம் போக்கும் ஊசி), ஹேர் டிரான்ஸ்பிளான்ட் என்று எந்த ஆய்வை எடுத்தாலும், ‘பெரும்பாலான நோயாளிகள் திருப்தி தெரிவித்தனர்’ என்ற வரி எளிதாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. கோவையிலோ ஈரோட்டிலோ சேலத்திலோ முதுகலை ஆய்வேட்டுக்காக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அந்த வரியை எழுதும் முன் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. யார் கேட்டு, எப்போது கேட்டு இந்தப் பதில் வந்தது?

கொங்கு நாட்டில் முதல் தவறே இங்குதான் நடக்கிறது. ஊசி போட்ட மருத்துவரே எதிரில் உட்கார்ந்து “எப்படிம்மா இருக்குது?” என்றால் “நல்லாருக்குதுங்க டாக்டர்” என்றுதான் வரும். முகத்துக்கு நேரே குறை சொல்வது இங்கே மரியாதை இல்லை. பரிமாறியவரே கரண்டியோடு நின்று ருசி கேட்டால், உப்பு போதவில்லை என்று எந்த விருந்தாளி சொல்வார்? ஆய்வில் சிகிச்சை இலவசம் என்றால் நன்றிக்கடனும் சேர்ந்துகொள்ளும். அப்போது நாம் அளப்பது அவர்களுடைய பண்பை; சிகிச்சையை அல்ல.

சிகிச்சையில் பங்கில்லாத ஒருவர், வேறு அறையில், படிவத்தைக் கொடுக்க வேண்டும். பெயர் வேண்டாம், ஆய்வு எண் போதும். நிரப்பிய தாளை நோயாளியே உறையில் ஒட்டிப் பெட்டியில் போடட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே சொற்களில், விளக்கம் சேர்க்காமல். கூட வந்த மாமியாரோ கணவரோ பதில் சொல்லத் தொடங்கினால் பணிவாக வெளியே உட்காரச் சொல்லுங்கள். முகம் அந்தப் பெண்ணுடையது.

அடுத்தது, சிகிச்சைக்கு முன்பே கேட்காமல் விடுவது. ‘தை மாசம் கல்யாணம், அதுக்குள்ள நிறம் வரணும்’ என்று வருகிற பெண்ணுக்கும், ‘கன்னத்துல இந்தக் கருப்பு மட்டும் குறைஞ்சா போதும்’ என்கிற பெண்ணுக்கும் அதே மருந்து அதே அளவு வேலை செய்தாலும் திருப்தி ஒன்றாக இருக்காது. எதிர்பார்ப்பை முதல் நாளே எழுதி வாங்காவிட்டால், பின்னால் வரும் மதிப்பெண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது. சிறு குறையைப் பெரிதாக நினைத்து ஓயாமல் வருந்தும் மனநிலை உள்ளவர்களையும் அப்போதே அடையாளம் காண வேண்டும். அவர்களுக்கு எந்தச் சிகிச்சையும் நிறைவு தருவது அரிது. தேவைப்படுவது வேறு உதவி.

காலத்தில் தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. போடாக்ஸின் முழுப் பலன் சுமார் 2 வாரத்தில் தெரியும். 3, 4 மாதத்தில் தணியும். நட்ட முடி முதல் சில வாரங்களில் உதிர்ந்து, பிறகு முளைத்து, 9 முதல் 12 மாதத்தில்தான் உருவம் கொடுக்கும். இரண்டாம் மாதத்தில் கேட்டால் அநியாயமான பதில் வரும். மங்கு இன்னும் சிக்கல், வெயில் பட்டால் திரும்பி வரும். மஞ்சள் வெட்டுக்குப் போகிற பெண்ணிடம் மார்கழியில் கேட்பதும் சித்திரையில் கேட்பதும் ஒன்றல்ல. ஒரு குழுவை மழைக்காலத்திலும் மறு குழுவை வெயில் காலத்திலும் சேர்த்தால், நீங்கள் ஒப்பிடுவது மருந்துகளை அல்ல, பருவங்களை. மருந்தை நிறுத்திய பிறகும் ஒருமுறை கேளுங்கள்.

திரும்பி வராதவர்களை மறப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. 60 பேர் சேர்ந்து, 42 பேர் கடைசிவரை வந்து, 38 பேர் திருப்தி என்றால், 90 சதவீதம் என்று எழுதத் தோன்றும். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் அது 63 சதவீதம். வராத 18 பேரில் திருப்பூர் ஷிப்டை விட முடியாதவர் இருக்கலாம், தாராபுரத்திலிருந்து பஸ் ஏற முடியாதவர் இருக்கலாம், தோல் கருத்துப்போய் வேறு மருத்துவரிடம் போனவரும் இருக்கலாம். நம் ஊர்த் தோலில் லேசருக்குப் பிறகு கருமை படிவது புதிதல்ல. அதனால் போன் செய்தாவது காரணம் கேட்டு எழுத வேண்டும். இரண்டு சதவீதங்களையும் அச்சிடுங்கள்.

அளக்கும் கருவி விஷயத்தில் குழப்பம் அதிகம். மங்குக்கான மாசி (MASI) மதிப்பெண் 0 முதல் 48 வரை. அது மங்கின் பரப்பையும் கருமையையும் மருத்துவர் கண்ணால் பார்த்துப் போடுவது. 1994இல் வந்த டிஎல்க்யூஐ (DLQI) என்ற கேள்வித்தாள் 10 கேள்விகளில் கடந்த ஒரு வார வாழ்க்கையைத் தோல் நோய் எவ்வளவு பாதித்தது என்று கேட்கிறது. இரண்டுமே திருப்தியை அளப்பவை அல்ல. ஃபேஸ்-க்யூ (FACE-Q) போன்ற கேள்வித்தாள்கள் தோற்றம், பலன், எடுத்த முடிவு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகின்றன. பயன்படுத்த அனுமதி வாங்க வேண்டும். தமிழாக்கத்தை வேறொருவர் மூலம் மறுபடி ஆங்கிலமாக்கிச் சரிபார்த்து, பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் சிலரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்ட பிறகே அச்சுக்கு விட வேண்டும்.

கடைசியாக, சராசரி. 30 பேரில் 15 பேர் 5 மதிப்பெண்ணும் 15 பேர் 1 மதிப்பெண்ணும் கொடுத்தால் சராசரி 3. ஆனால் 3 என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு மதிப்பெண்ணும் எத்தனை பேர் என்று அட்டவணையிலேயே காட்டுங்கள். 1 கொடுத்த 15 பேரின் குறையை அவர்கள் சொன்னபடியே அதற்குக் கீழே எழுதுங்கள்.