தபாலில் பரிசு செக் வந்திருக்கிறதா? முதலில் இதைச் செய்யுங்கள்

பளபளப்பான கவர், அதன் மேல் பிரபலமான ஆன்லைன் கடையின் லோகோ. பிரித்தால் ஒரு வாழ்த்துக் கடிதம், ஒரு ஸ்கிராட்ச் கார்டு. சில கவர்களில் உங்கள் பெயரிலேயே எழுதிய லட்சக்கணக்கான ரூபாய்க்கான செக்கும் இருக்கும். இப்படி ஒன்று வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன். பெங்களூருக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர்களும், வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களும் இதை அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

படி 1: கடிதத்தில் இருக்கும் நம்பருக்குப் போன் போடாதீர்கள்

மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம் இதுதான். கடிதமும் செக்கும் வெறும் தூண்டில். ஏமாற்று வேலை நடப்பது போனில். ஹிந்தி, கன்னடம், தமிழ் என்று எந்த மொழியிலும் மரியாதையாகப் பேசுவார்கள். கேட்டால் அடையாள அட்டை, பான் கார்டு, கம்பெனி சான்றிதழ் எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அவர்கள் அனுப்பும் எதுவும் அவர்களுக்குச் சாட்சி ஆகாது.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இப்படி ஒரு கவரோடு வந்து, "தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா. நான் போன மாசம் குக்கர் வாங்கினது கூட இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். அந்த ஒரு விஷயம்தான் அவரை நம்ப வைத்திருந்தது. பெயர், விலாசம், போன் நம்பர், சில நேரம் வாங்கிய பொருள் வரை பார்சல் அட்டையிலேயே ஒட்டியிருக்கிறது. அதை நாம் அப்படியே குப்பையில் போடுகிறோம். விலைக்குக் கைமாறும் வாடிக்கையாளர் பட்டியல்களும் உண்டு. உங்களைப் பற்றித் தெரிந்திருப்பதால் மட்டும் ஒருவர் கம்பெனிக்காரர் ஆகிவிட மாட்டார். இனி லேபிளைக் கிழித்துவிட்டு அட்டையைப் போடுங்கள்.

படி 2: "கட்டணம்" என்று எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுங்கள்

பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி., டி.டி.எஸ். (பணம் கொடுப்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி), இன்சூரன்ஸ், ரிசர்வ் வங்கி அனுமதி என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். முதலில் சில ஆயிரம் கேட்பார்கள். கட்டியதும் அடுத்தது வரும். "எல்லாம் ரீஃபண்ட் ஆகும்" என்பார்கள். ஏற்கெனவே கட்டிய பணம் போய்விடுமே என்ற பயத்தில்தான் பலர் மேலும் மேலும் கட்டுகிறார்கள்.

இதில் டி.டி.எஸ். விஷயத்தில்தான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அதில் பாதி உண்மை. 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுக்கு 30 சதவீத வரி இருக்கிறது. ஆனால் பணப் பரிசு என்றால், கொடுப்பவரே அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார். கார் மாதிரி பொருளாக வரும் பரிசுக்கு, வரி கட்டிய பிறகே பொருளைத் தர வேண்டும் என்ற விதி உண்டு. மோசடிக்காரர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அப்படிக் கட்டும் வரியும் உங்கள் பான் எண்ணில் அரசாங்கக் கணக்குக்குத்தான் போகும். யாரோ ஒருவருடைய யு.பி.ஐ. ஐ.டி.க்குப் போகாது.

லாட்டரி என்று கடிதம் சொன்னால் வேலை இன்னும் சுலபம். கர்நாடகத்தில் 2007 முதல் லாட்டரிக்குத் தடை. வெளிநாட்டு லாட்டரியில் சேரப் பணம் அனுப்புவதே அன்னியச் செலாவணிச் சட்டப்படி தப்பு. ரிசர்வ் வங்கி தனிநபர் யாருக்கும் பரிசுப் பணம் கொடுப்பதில்லை. அதன் முத்திரை குத்திய கடிதம் வந்தால் அதுவே போலி என்பதற்குப் போதுமான ஆதாரம்.

படி 3: செக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

ஒரிஜினல் செக் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் "சி.டி.எஸ். இந்தியா" என்ற வாட்டர்மார்க் ஆங்கில எழுத்தில் தெரியும். செக்கை ஜெராக்ஸ் எடுத்தால், தாளில் மறைந்திருக்கும் "வாய்டு" அல்லது "காப்பி" என்ற ஆங்கிலச் சொல் மேலே எழும்பி வரும். அக்காவுக்கு வந்த செக்கில் கையெழுத்துக்குப் பின்னால் அந்த எழுத்து மங்கலாகத் தெரிந்தது. யாருடைய செக்கையோ கலர் ஜெராக்ஸ் எடுத்து, அதன் மேல் பெயரையும் தொகையையும் அச்சடித்திருந்தார்கள்.

அடுத்து கீழே இருக்கும் எண் வரிசை. முதலில் ஆறு இலக்க செக் எண். அதன் பக்கத்தில், ஊர், வங்கி, கிளை மூன்றையும் குறிக்கும் ஒன்பது இலக்க எம்.ஐ.சி.ஆர். எண். அதன் முதல் மூன்று இலக்கம் ஊரைக் குறிக்கும்: பெங்களூருக்கு 560, சென்னைக்கு 600, மும்பைக்கு 400, டெல்லிக்கு 110. கிளை பெங்களூர் எம்.ஜி. ரோடு என்று அச்சாகியிருந்து எண் 110 என்று தொடங்கினால் சந்தேகப்படுங்கள். தேதியையும் பாருங்கள். எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செக் செல்லும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் செக் நல்லது என்று ஆகிவிடாது. திருடிய செக்கிலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

படி 4: செக்கைப் போட்டுப் பார்க்காதீர்கள்

"போட்டுப் பார்ப்போம், வந்தால் வரட்டும்" என்று நினைப்பது இயல்பு. ஆனால் இதில்தான் இன்னொரு பொறி இருக்கிறது. செக்கைப் போட்ட உடனே போன் வரும்: "தவறுதலாக அதிகத் தொகை எழுதிவிட்டோம், மீதியை இப்போதே திருப்பி அனுப்புங்கள்." நீங்கள் அனுப்புவது உங்கள் சொந்தப் பணம். செக் ரிட்டர்ன் ஆனதும் வரவு வைத்த தொகையை வங்கி எடுத்துக்கொள்ளும், கட்டணமும் பிடிக்கும். 2025 அக்டோபர் 4 முதல் செக்குகள் பெரும்பாலும் அதே நாளில் கிளியர் ஆகின்றன. அந்தச் சில மணி நேரத்துக்குள் உங்களை அவசரப்படுத்துவதுதான் அவர்கள் வேலை. கிளியர் ஆன பிறகும் செக் போலி என்று தெரிந்தால் உங்கள் கணக்கைப் பற்றித்தான் விசாரணை வரும்.

படி 5: நீங்களே தேடிய வழியில் விசாரியுங்கள்

கம்பெனியின் ஆப்பிலோ, நீங்களே டைப் செய்து திறந்த அதிகாரபூர்வ இணையதளத்திலோ உள்ள வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள். கூகுளில் தேடி முதலில் வரும் நம்பர் வேண்டாம், போலி நம்பர்களும் அங்கே நிறைய. செக்கைப் பற்றி உங்கள் வங்கிக் கிளையில் நேரில் காட்டிக் கேட்கலாம்.

படி 6: கவரைக் கிழித்துப் போடாதீர்கள்

ஸ்பீடு போஸ்டாக இருந்தால் 13 எழுத்து-எண் கொண்ட டிராக்கிங் எண் இருக்கும். தபால் துறை இணையதளத்தில் போட்டால் எந்த ஊரில் புக் ஆனது என்று காட்டும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால்

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், நேரம் போகப் போகப் பணம் கை மாறிவிடும். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் எடுக்கப்படுவதற்கு முன்னால் அந்தக் கணக்கை முடக்கவே இந்த எண். பரிவர்த்தனை எண், நேரம், தொகை, யு.பி.ஐ. ஐ.டி. கையில் இருக்கட்டும். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் (cybercrime.gov.in) தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பெங்களூரில் சைபர் குற்றங்களை விசாரிக்கும் சி.இ.என். (சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றப் பிரிவு) காவல் நிலையங்கள் இருக்கின்றன. கன்னடம் சரளமாக வராவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஆதார், பான் நகல் கொடுத்திருந்தால் ஆதார் பயோமெட்ரிக்கை லாக் செய்துவிட்டு, உங்கள் பெயரில் புதுக் கடன் ஏதும் விழுந்திருக்கிறதா என்று கிரெடிட் ரிப்போர்ட்டைப் பாருங்கள்.

சில வாரம் கழித்து, "நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கோர்ட் ஃபீஸ் மட்டும் கட்டுங்கள்" என்று ஒரு போன் வரலாம். பெரும்பாலும் அதே கூட்டம்தான். பேச்சை வளர்க்காமல் போனை வைத்துவிட்டு, அந்த நம்பரையும் உங்கள் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.