திரித்துவம் பற்றி ஒருவர் என்ன நம்புகிறார் என்று கேட்டறிவது எப்படி

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவரும் ஒரே கடவுள் என்பதுதான் திரித்துவப் போதனை. "திரித்துவத்தை நம்புகிறீர்களா?" என்று ஆரம்பிக்காதீர்கள், அது நேராகச் சண்டையில்தான் போய் நிற்கும். மத்தேயு 3-ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறுகிறார், ஆவி புறாவைப்போல் இறங்குகிறது, "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று வானத்திலிருந்து சத்தம் வருகிறது. இங்கே எத்தனை பேர், அவர்களில் யார் யார் கடவுள்? இதை மட்டும் கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இருங்கள்.

"மூவர், மூவரும் கடவுள், ஆனாலும் கடவுள் ஒருவரே" என்று பதில் வந்தால் அவர் கத்தோலிக்கராகவோ ஆர்த்தடாக்ஸ் சபையாராகவோ பெரும்பாலான புராட்டஸ்டன்டுகளில் ஒருவராகவோ இருப்பார். குமாரன் படைக்கப்பட்டவர் அல்ல, பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று 325-ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் அறிவித்ததுதான் இதற்கு அடிப்படை. இவர்களுக்குள்ளும் ஒரு பழைய பிளவு உண்டு: ஆவியானவர் பிதாவிடமிருந்து புறப்படுகிறார் என்பதோடு கிழக்குச் சபைகள் நிறுத்திக்கொள்ளும், மேற்குச் சபைகள் "குமாரனிடமிருந்தும்" என்று சேர்க்கும்.

"கடவுள் ஒருவர்தான், அவரே மூன்று விதமாக வெளிப்படுகிறார்" என்பவர் பெரும்பாலும் இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் பெந்தெகொஸ்தே பிரிவைச் சேர்ந்தவர். அப்படியானால் கெத்செமனேயில் இயேசு யாரிடம் ஜெபித்தார் என்று அடுத்துக் கேளுங்கள். அவருடைய மனிதத்தன்மை கடவுளை நோக்கி ஜெபித்தது என்பார்கள். உடனே "இது பழைய சபேல்லியுஸ் போதனை", அதாவது ஒரே கடவுள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வேடங்களில் வருகிறார் என்ற போதனை, என்று முத்திரை குத்தாதீர்கள், பிதா முடிந்து குமாரன், குமாரன் முடிந்து ஆவி என்று இவர்களில் பலர் சொல்வதில்லை.

யெகோவாவின் சாட்சிகளுக்குப் பிதா மட்டுமே சர்வவல்லமையுள்ள கடவுள், குமாரன் அவருடைய முதல் படைப்பு, ஆவி அவருடைய செயல்படும் சக்தி. யோவான் 14:28-ஐ நிச்சயம் எடுப்பார்கள், "என் பிதா என்னிலும் பெரியவர்" என்ற வசனம். பதிலுக்கு இன்னொரு வசனத்தை வீசுவதைவிட, அதையும் யோவான் 20:28-இல் தோமா இயேசுவைப் பார்த்து "என் ஆண்டவரே, என் தேவனே" என்று சொல்வதையும் இருவரும் சேர்ந்து வாசிப்பது எவ்வளவோ மேல். பிற்காலப் பரிசுத்தவான்கள் சபையார் (மோர்மன்கள்) மூவரையும் தனித்தனி நபர்களாக, நோக்கத்தில் ஒன்றுபட்டவர்களாகப் பார்க்கிறார்கள்.

சரி, உங்கள் முறை வரும்போது? நீங்கள் நிசேயா வழியில் நிற்பவர் என்றால் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி உவமையை விட்டுவிடுங்கள். ஒன்றே மூன்று நிலைகளில் மாறுகிறது என்றுதான் அது காட்டும், அது நீங்கள் நம்புவதே அல்ல. பிதா குமாரனை அனுப்பினார், குமாரன் பிதாவிடம் ஜெபித்தார், ஆவியானவரை வாக்களித்தார் என்று சுவிசேஷம் சொல்லும் வரிசையிலேயே சொல்லுங்கள், கேள்விகள் அதிலிருந்தே வரும்.