மின்சாரக் காரின் பிறேக் பஞ்சாகிப் போனால்

உரும்பிராயிலிருந்து ஊர்காவற்றுறைக்குக் கிழமையில் மூன்று நாள் வேலைக்குப் போய் வருகிறேன். ஜப்பானிலிருந்து பழையதாக இறங்கிய மின்சாரக் கார். கிணற்றுத் தண்ணீரில் வெளியே நன்றாகத்தான் கழுவுவேன். கடலைக் கடக்கிற பண்ணைப் பாலத்தில் சில்லுக்குள் புகுகிற உப்புக் காற்றைப் பற்றி யோசித்ததே இல்லை.

ஒருநாள் பிறேக்கை மிதித்தால் பஞ்சை மிதிப்பது போல இருந்தது. பெடல் பாதி தூரம் போன பிறகுதான் பிடித்தது. பஞ்சுப் பெடல் என்றால் பிறேக் ஒயிலுக்குள் காற்று என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படியே நம்பினேன். இரண்டு போத்தல் பிறேக் ஒயில், இரண்டு பின்னேரம், மருமகனின் வலது கால், இவ்வளவும் செலவழித்தேன். பெடல் அப்படியே இருந்தது. காற்று எடுக்க முன் நான்கு சில்லையும் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

ஏனென்றால் மின்சாரக் காரில் பெரும்பாலான வேகத்தைக் குறைப்பது மோட்டர்தான். அது பின்னோக்கி உழைத்துப் பற்றரிக்கு மின்சாரத்தைத் திருப்பிவிடும், சில்லோடு சுற்றுகிற டிஸ்க்கும் அதை அழுத்திப் பிடிக்கிற பாட் கட்டைகளும் சும்மா இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு மேடு பள்ளம் கூட இல்லை, அதனால் அவற்றுக்கு இன்னும் ஓய்வு. பாட் தேயாது என்று சந்தோஷப்படுவோம். ஆனால் பாட்களை டிஸ்க்கில் அழுத்துகிற கவ்வியான கலிப்பர் நகருகிற பின்கள், அதாவது சிறு கம்பிகள், அசையாமல் கிடந்து துருப்பிடிக்கும். அந்தப் பின் இறுகினால் கலிப்பர் நகராது, பாட் ஒரு பக்கமாகச் சரிந்து தேயும். அப்புறம் நீங்கள் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு அந்தக் கோணலை நிமிர்த்தவே போய்விடும். அதுதான் காலுக்குப் பஞ்சாகத் தெரிகிறது.

முதலில் காலால் சோதியுங்கள். காரை ஓன் பண்ணி, பார்க்கில் போட்டு, பெடலை ஒரு நிமிடம் ஒரே பலத்தில் மிதித்துப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது பெடலின் பலத்தை ஒயிலுக்குக் கொடுக்கிற மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற றப்பர் பழுதாகிவிட்டது. அந்தக் காரை ஓட்டாதீர்கள், ஏற்றிக்கொண்டு கராஜுக்குப் போங்கள். இறங்காமல், இரண்டு மூன்று தரம் அடித்து மிதிக்க உயர்ந்து வந்தால், ஒன்றில் காற்று, அல்லது பாடுக்கும் டிஸ்க்குக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. இந்த இரண்டும் காலுக்கு ஒரே மாதிரி இருக்கும். நான் ஏமாந்த இடம் இதுதான். இன்னொன்று: பற்றரி முழுக்கச் சார்ஜ் ஆகியிருந்தால் மோட்டரின் உதவி குறையும், அன்றைக்குப் பிறேக் கொஞ்சம் வேறுமாதிரித் தெரியும். அது பழுது இல்லை. சிவப்பு பிறேக் லைட் எரிந்தால் வீட்டில் கை வைக்க வேண்டாம்.

இனிச் சில்லு. காரின் அடியில் முழுக்கப் பெரிய பற்றரி இருக்கிறது, அதனால் ஜக்கை ஓரத்தில் அடையாளமிட்ட இடத்தில் மட்டும் வையுங்கள். எங்கள் முற்றம் செம்மண், மழைக்குப் பிறகு ஜக் புதையும், ஒரு தடித்த பலகை போட்டேன். ஸ்டாண்ட் இல்லாமல் உள்ளே கை வைக்க வேண்டாம். காரை ஓவ் பண்ணித் திறப்பை வீட்டுக்குள் கொடுத்துவிடுங்கள். சத்தமே இல்லாத வண்டி, ஓனில் இருக்கிறதா என்று கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடக்கூடாது.

சில்லைக் கழற்றியதும் கலிப்பரைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இலேசாக நகர வேண்டும். என்னுடையதில் பின்பக்கம் இடது சில்லில் ஒரு பின் ஆணி அடித்தது போல நின்றது, உள்பக்கப் பாட் ஆப்பு மாதிரித் தேய்ந்திருந்தது. பின்னைத் திருகித் திருகி இழுத்து, துருவைச் சுத்தப்படுத்தி, பிறேக்குக்கென்றே விற்கிற சிலிக்கோன் கிரீஸ் பூசினேன். சாதாரணக் கிரீஸ் பூசினால் றப்பர் ஊதிவிடும். றப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், பாட்களை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் தேடினால் அநேகமாகக் கிடைக்கும், பழைய பாட் ஒன்றைக் கையில் கொண்டுபோனால் வேலை சுருங்கும்.

பாட்டைத் தள்ளுகிற பிஸ்டனைக் கலிப்பருக்கு உள்ளே தள்ள முன் பிறேக் ஒயில் டப்பாவில் ஊசிக்குழாயால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வழியும். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும், அது பெயிண்டைத் தின்னும்.

இதற்குப் பிறகும் பஞ்சாக இருந்தால்தான் காற்று எடுக்க வேண்டும். எந்த ஒயில் என்று டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். நிசான் லீஃபுக்கு டொட் 3 என்ற தரம். அது காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸில் கொதிக்கிற தரம், ஈரம் ஏறினால் 140 வரை இறங்கலாம். ஆகவே போன வருடம் திறந்த போத்தலைப் பாவிக்க வேண்டாம். எந்தச் சில்லில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். மிதிக்கிற பலத்தைக் கூட்டுகிற மின்சார பூஸ்டர் உள்ள சில வண்டிகளுக்கு, காரின் கம்பியூட்டரோடு பேசுகிற ஸ்கானர் பூட்டியே காற்று எடுக்க வேண்டும், உங்கள் காரின் கையேட்டைப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டு வையுங்கள். அடிவரை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இத்தனை வருடம் போகாத கறள் பிடித்த இடத்துக்கு றப்பர் போய்க் கிழியும். மிதிக்கிறவர் "பிடிச்சிருக்கிறன் மாமா" என்று சொன்ன பிறகே கலிப்பரில் காற்று வெளியேறுகிற சிறு திருகான நிப்பிளைத் தளர்த்துங்கள், அதை இறுக்கிய பிறகே அவர் காலை எடுக்கலாம். டப்பாவை மட்டும் வற்ற விடாதீர்கள். இரண்டாவது பின்னேரம் தேத்தண்ணி வந்தது, நாங்கள் குடித்தோம், டப்பா வற்றியது. பிறேக்கில் சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ்ஸுக்குள் காற்றுப் போய், கடைசியில் கராஜில் ஸ்கானர் போட்டுத்தான் எடுத்தார்கள்.

முடிந்ததும் நட்டுகளை இறுக்கி, பெடல் கல்லு மாதிரி வரும்வரை நின்ற இடத்திலேயே மிதித்துவிட்டு, ஒழுங்கைக்குள் நடை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். இப்போது மாதம் ஒருக்கா வேலணைப் பக்கம் முன்னும் பின்னும் ஆளில்லாத நேர் வீதியில் குறைந்த வேகத்தில் நியூட்ரலில் போட்டு மிதிக்கிறேன். லீஃப் போன்றவற்றில் நியூட்ரலில் மோட்டர் உதவாது, டிஸ்க்கே பிடிக்கும். முதல் இரண்டு தரம் கர்ரென்று துரு உரசும், நாலாவது தரத்தில் நின்றுவிடும்.