மின்சாரக் கார் வாங்கும் முன் வீட்டு வயரிங்கைப் பாருங்கள்

மின்சாரக் காரின் பெரிய லாபம் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றுவது. சொந்த பார்க்கிங் இல்லாதவர்களுக்கு அந்த லாபம் பெரிதும் குறைந்துவிடும். அவர்கள் அவசரப்பட வேண்டாம்.

காருடன் வரும் சார்ஜருக்கு 16 ஆம்பியர் பிளக் போதும். 30 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிரம்பப் பத்து மணி நேரம் வரை ஆகும். இத்தனை நேரம் முழு லோடு ஓடுவதால்தான் ஏசிக்குத் தாங்கிய சாக்கெட்டும் இதில் உருகுகிறது. மீட்டர் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு வயரில் தனி லைன் இழுத்து, லோடு மீறினால் தானே அணையும் 20 ஆம்பியர் எம்.சி.பி.யும், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

அதிகம் தொல்லை தருவது எர்த். அது சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். எர்த் குழி வறண்டிருப்பதோ இணைப்பு துருப்பிடித்திருப்பதோதான் பெரும்பாலும் காரணம். சார்ஜரை ஏமாற்ற நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிடுவார்கள் சிலர். அப்படி இணைத்த பிறகு நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பிலேயே மின்சாரம் ஏறும்; உயிரே போகலாம்.

செலவையும் கணக்கிடுங்கள். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் சுமார் 160 யூனிட், இரு மாத பில்லில் 320 கூடும். தமிழ்நாட்டில் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும். அப்போதும் பெட்ரோலைவிட மலிவுதான்.